பழைய தேவாலய வீட்டில் குளிர்காலம்: ஸ்காட்லாந்துக் கிராமத்தில் தங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம், மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்காகக் கட்டிய கூடம் அது. அதில் இரண்டு பேர் டிசம்பர் முதல் மார்ச் வரை இரவும் பகலும் குடியிருப்பார்கள் என்று கட்டியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். வீடாக மாற்றப்பட்ட தேவாலயத்தில் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் படும் சிரமங்கள் அத்தனைக்கும் வேர் இதுதான். இதைப் புரிந்துகொண்டு பழகினால் அங்கே வாழ்வது பேரானந்தம்.

நானும் கணவரும் அபர்டீன்ஷயரின் மேற்கு மலைப்புறத்தில் அப்படியொரு வீட்டை ஒரு முழுக் குளிர்காலத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். டிசம்பர் நடுவில் என் மாமியாரும் மதுரையிலிருந்து வந்து ஆறு வாரம் உடன் இருந்தார். அந்த அனுபவத்திலிருந்தும், பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுமையாகக் கற்றுத்தந்ததிலிருந்தும் எழுதுகிறேன்.

இந்த ஊர்களில் இத்தனை தேவாலயங்கள் எப்படி மிஞ்சின என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். 1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தது. நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். ஊருக்கு ஊர் இரண்டாவது ஆலயம் எழுந்தது. 1929-ல் பெரும்பகுதி மீண்டும் ஒன்றுசேர்ந்தபோது ஒரே தெருவில் இரண்டு ஆலயங்கள், சபையோ ஒன்று. சபையினர் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வர, விற்பனை இன்றும் தொடர்கிறது. அப்படிக் கைமாறிய கட்டடங்களில் ஒன்றில்தான் நீங்கள் பெட்டியை இறக்கப் போகிறீர்கள்.

1. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் ஜூலை மாதத்தில் எடுத்த படத்தில் அழகாகத்தான் இருக்கும். உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள்: வீட்டைச் சூடாக்குவது எது? இந்தப் பகுதிகளில் குழாய் வழி எரிவாயு பெரும்பாலும் கிடையாது. தோட்டத்தில் ஒரு தொட்டியில் மண்ணெண்ணெய், அல்லது திரவ எரிவாயு, அல்லது மின்சாரம். தொட்டியை நிரப்புவது யார் பொறுப்பு? குடிநீர் ஊர்க்குழாயிலிருந்து வருகிறதா, சொந்த ஊற்றிலிருந்தா? விறகு எரித்து அறையைச் சூடாக்கும் கணப்பின் புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? கல்லறைத் தோட்டம் வீட்டோடு சேர்ந்ததா?

இன்னொரு கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை: கூடம் கூரை வரை திறந்திருக்கிறதா, நடுவே தளம் போட்டுப் பிரித்திருக்கிறார்களா? பிரித்திருந்தால் குளிர்காலத்துக்கு அதுவே மேல். திறந்த கூடத்தின் கம்பீரத்துக்கு ஒவ்வொரு மாதமும் எரிபொருளில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

2. முதல் நாள் வெளிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் காலை 8.45 வாக்கில் எழுந்து மாலை 3.30 வாக்கில் மறைந்துவிடும். மதியம் சென்று சேர்ந்தால் அநேகமாக இருட்டில்தான் பெட்டியைத் திறப்பீர்கள். அதனால் காலையில் சென்று சேருங்கள்.

முதலில் வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வைத் தேடுங்கள். பழைய ஆலயங்களில் அது எதிர்பாராத இடத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் பழைய உடைமாற்றும் அறையின் தரைப் பலகைக்குக் கீழே இருந்தது. கையால் திருகிப் பாருங்கள், துருப்பிடித்து இறுகியிருக்கலாம். பிறகு மின்சாரப் பெட்டி, எண்ணெய்த் தொட்டியின் அளவுமானி. அடுத்து அலாரங்கள். ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீடுகளிலும் ஒன்றோடொன்று இணைந்த தீ அலாரங்கள் இருக்க வேண்டும். விறகோ எண்ணெயோ எரியும் சாதனம் உள்ள இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கணப்பை மூட்ட வேண்டும். இதில் மட்டும் சமரசமே கூடாது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

3. எங்கே வாழப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் வாரம் நாங்கள் கூடம் முழுவதையும் 21 டிகிரிக்குக் கொண்டுவர முயன்றோம். பாய்லர் இடைவிடாமல் ஓடியது. எண்ணெய்மானியின் முள் கண்ணெதிரே இறங்கியது. எங்கள் கால்கள் மட்டும் சில்லிட்டே இருந்தன. சூடான காற்று எட்டு மீட்டர் உயரத்தில் உத்தரங்களுக்கிடையே போய்த் தங்கிவிட்டது. ஏணியில் ஏறிய கணவர் மேலே சட்டையோடு நிற்கலாம் போலிருக்கிறது என்றார். கீழே நான் இரண்டு கம்பளி அணிந்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கட்டடம் முழுவதையும் இதமாக்க முயலாதீர்கள். அது உறையாமல் இருந்தால் போதும். நீங்கள் இருக்கும் மூலையை மட்டும் இதமாக்குங்கள். கட்டடத்துக்கு இரவும் பகலும் 12 முதல் 15 டிகிரி வரை மாறாத வெப்பம் கொடுங்கள். அறுபது சென்டிமீட்டர் தடிமனுள்ள கருங்கல் சுவர் சூடாக இரண்டு மூன்று நாள் எடுக்கும், ஆறவும் அதே அளவு எடுக்கும். காலையில் போட்டு இரவில் அணைத்தால் சுவர் ஒருபோதும் சூடேறாது. செலவு மட்டும் ஏறும். தரைக்கடியில் சூடாக்கும் குழாய்கள் இருந்தால் இது இன்னும் உண்மை. அவற்றின் அளவை ஒரு முறை அமைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

மூலையைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். மாமியார் வந்த மறுநாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் ஐந்து இடங்களில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் மாடத்துக்கு, அதாவது கூடத்துக்குள்ளேயே உயரே அமைந்த மேல்தளத்துக்குக் கீழே, தாழ்ந்த கூரையுள்ள இடத்தில், கணப்புக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுவிட்டு, "இங்கேதான்" என்றார். அவர் கண்டுபிடித்தது முற்றிலும் சரி. தலைக்கு மேல் தாழ்ந்த தளம், முதுகுக்கு உட்சுவர், ஜன்னலிலிருந்து தூரம். இந்த மூன்றும் சேரும் இடம் எல்லா ஆலயத்திலும் ஒன்றாவது இருக்கும். அங்கே ஒரு தடித்த கம்பளம் விரித்து, பின்பக்கம் ஒரு திரை தொங்கவிட்டால் வீட்டுக்குள் ஒரு வீடு கிடைத்துவிடும். எதிரொலியும் அடங்கும். படுக்கையை மாடத்தில் போடுங்கள். பகலெல்லாம் மேலே ஏறிய வெப்பம் இரவில் உங்களுக்குப் பயன்படும்.

உயரமான ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தால் எங்கோ இடுக்கு வழியாகக் காற்று வருவதுபோல் தோன்றும். இடுக்கே இல்லாவிட்டாலும் தோன்றும். ஒற்றைக் கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, அருவிபோலக் கீழே வழிந்து தரையில் ஓடி உங்கள் கணுக்காலைத் தொடுகிறது. கனமான திரைச்சீலையைத் தரை வரை தொங்கவிட்டால் பாதி குறையும். பழைய வண்ணக் கண்ணாடியின் மேல் டேப் ஒட்டவோ, ஈயப் பட்டைகளை அழுத்தவோ கூடாது. பல கட்டடங்கள் பாரம்பரியச் சின்னமாகப் பதிவானவை. கூரையில் மின்விசிறி இருந்தால் எதிர்த்திசையில் மிக மெதுவாகச் சுழல விடுங்கள். மேலே தேங்கிய வெப்பம் சுவரோரமாகக் கீழிறங்கும்.

பகலில் தெற்கு ஜன்னலை மறைக்காதீர்கள். பழைய ஸ்காட்லாந்து ஆலயங்களில் பிரசங்க மேடை நீண்ட தெற்குச் சுவரின் நடுவிலும், அதன் இருபுறம் உயரமான ஜன்னல்களும் அமைந்திருப்பதுண்டு. டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரி சொச்சம்தான் உயரும். அந்தச் சாய்ந்த ஒளி கூடத்தின் வடசுவர் வரை நீண்டு விழும். நாங்கள் மதிய உணவை அந்த ஒளி விழும் இடத்துக்கு நகர்த்திக்கொண்டோம்.

4. கணப்பு

இருபது சதவீதத்துக்கும் குறைவான ஈரமுள்ள விறகை மட்டும் எரியுங்கள். ஈரம் பார்க்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கும். கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார்க்க வேண்டும். நாங்கள் வாங்கிய முதல் மூட்டை காய்ந்தது என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. உள்ளே 32 சதவீதம் இருந்தது. சீறிக்கொண்டு புகைந்தது, கண்ணாடிக் கதவு ஒரே மாலையில் கறுத்தது. ஈர விறகின் புகை தார்போலப் புகைபோக்கியில் படிந்து ஒருநாள் தீப்பிடிக்கும். இந்தப் பக்கத்தில் பிர்ச் விறகு நன்றாகக் கிடைக்கிறது. சுலபமாகப் பற்றும், பிரகாசமாக எரியும்.

நம் ஊரில் சுள்ளியைக் கீழே வைத்து மேலே கட்டையை அடுக்குவோம். இங்கே தலைகீழாக: பெரிய கட்டைகள் கீழே, நடுத்தரம் அதன்மேல், சுள்ளியும் பற்றவைக்கும் துண்டும் உச்சியில். தீ மேலிருந்து கீழே இறங்கும். புகைபோக்கி முதலில் சூடாவதால் இழுப்பு உண்டாகும். புகை அறைக்குள் திரும்பாது. நன்றாகப் பிடித்த பிறகுதான் காற்றுத் துவாரத்தைக் குறைக்க வேண்டும். இரவு முழுவதும் கனியட்டும் என்று துவாரத்தை மூடிவைப்பது புகைபோக்கிக்கும் உங்களுக்கும் ஆபத்து.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே கல்தரையில் வையுங்கள். ஆறியதுபோல் தெரியும் சாம்பலுக்குள் கங்கு மறுநாள்கூட உயிரோடு இருக்கும்.

5. ஈரம்

குளிரைவிட ஈரம்தான் இந்தக் கட்டடங்களின் எதிரி. நாம் விடும் மூச்சு, குளியல், சோறு கொதிப்பது, துணி உலர்வது எல்லாம் காற்றில் நீராகச் சேர்ந்து, குளிர்ந்த கல்லிலும் கண்ணாடியிலும் போய் வடிகிறது. உருளை வைத்த எரிவாயு ஹீட்டரை உள்ளே கொண்டுவராதீர்கள்: ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாகி அறைக்குள்ளேயே தங்கும்.

ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி உங்கள் மூலையில் வையுங்கள். 40-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் நலம். 70-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வரும், முதலில் அலமாரிக்குப் பின்னால். அதனால் எந்த மரச்சாமானையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். காலையில் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து காற்றை மாற்றுங்கள். குளிராக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். வெளியே உள்ள குளிர்காற்றில் நீர் மிகக் குறைவு; அதை உள்ளே விட்டுச் சூடாக்கினால் வீடு உலரும். ஜன்னல் அடியில் நீர் ஓட ஒரு சிறு பள்ளம் இருக்கலாம். அதைத் தினமும் துணியால் ஒற்றி எடுங்கள். துணி உலர்த்த ஒரு சிறிய அறையையும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையும் ஒதுக்கினால், இந்தப் பகுதியில் நான் சொன்னதில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

6. சமையல்

இது நம்மவர்களுக்காக. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், வாய் அகன்ற புட்டியில் வைத்துக் கரண்டியால் எடுங்கள். இட்லி மாவு சமையல் மேடையில் இரண்டு நாள் வைத்தாலும் பொங்காது. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி ஒன்று பெரும்பாலான வீடுகளில் உண்டு, துண்டுகள் உலர்த்துவதற்கானது. பாத்திரத்தை ஒரு தட்டின்மேல் வைத்து அங்கே விடுங்கள். எங்களுக்குப் பதினாறு மணி நேரம் பிடித்தது. தயிருக்கும் அதே இடம்தான்.

தாளிப்பு ஒரு பிரச்சினை. மிளகாய் நெடி திறந்த கூடத்தில் மேலேறி மாடத்துப் படுக்கையில் இறங்கும். புகை அலாரம் ஒன்று ஒலித்தால் வீட்டிலுள்ள அத்தனையும் சேர்ந்து ஒலிக்கும். புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு, அடி கனத்த சிறு கரண்டியில், மூடி கையில் தயாராக வைத்துக்கொண்டு தாளியுங்கள். எக்காரணம் கொண்டும் அலாரத்தைக் கழற்றிவைக்காதீர்கள்.

மீந்த எண்ணெயையும் நெய்ப் பாத்திரக் கழுவலையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது. கழிவு போவது தோட்டத்திலுள்ள செப்டிக் டேங்குக்கு. குளிரில் கொழுப்பு குழாயிலேயே கட்டியாகிவிடும். முதலில் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

இங்கேயே ஒரு வார்த்தை: அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்க வேண்டும் என்பது பிரிட்டன் அரசின் பரிந்துரை. நம்மைப் போன்ற கருந்தோலுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள். வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

7. உறைபனி இரவுகள்

இந்த மலைப்புறத்தில் இருக்கும் பிரேமாரில் 1895-லும் 1982-லும் மைனஸ் 27.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் அதற்குக் கீழே இதுவரை இறங்கியதில்லை. வழக்கமான குளிர்காலத்தில் அவ்வளவு வராது. மைனஸ் பத்து வரும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருக்கிறது; குழாய் பிளப்பது அதனால்தான். அப்படிப்பட்ட இரவில் பாய்லரை அணைக்காதீர்கள். வெளிச்சுவரோரக் குழாய்கள் இருக்கும் அலமாரிகளைத் திறந்துவையுங்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் அந்த மொத்த வால்வை மூடுங்கள். பிறகு குழாயைத் திறந்துவைத்து, முகப்பிலிருந்து பின்னோக்கி வெந்நீர்ப் பையாலோ முடி உலர்த்தியாலோ மெதுவாக இளக்குங்கள். நெருப்பு காட்டக் கூடாது.

பாய்லர் களகளவென்று ஒலித்துவிட்டு நின்றால், வெளியே போகும் மெல்லிய பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றிவிட்டு பாய்லரை மீண்டும் இயக்குங்கள். கொதிநீர் வேண்டாம்.

கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரியும். செங்குத்தான ஸ்லேட் கூரைக்கு நேர் கீழே காரையும் நிறுத்தாதீர்கள், நீங்களும் நிற்காதீர்கள். வாசற்படியில் உப்புத் தூவுவதைத் தவிர்த்து மணல் தூவுங்கள்; உப்பு பழைய கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் அரிக்கும்.

8. மின்சாரம் போகும்போது

2021 நவம்பர் 26 இரவு அடித்த ஆர்வென் புயலில் பிரிட்டன் முழுக்க சுமார் பத்து லட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. அபர்டீன்ஷயரில் சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் மின்சாரம் வரவில்லை. அதன் கதையை எங்கள் அக்கம்பக்கத்தார் இன்னும் சொல்கிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு நாங்கள் தயாராக வைத்திருந்தவை: நெற்றியில் கட்டும் விளக்குகள், நிறையச் சார்ஜ் செய்த பவர்பேங்க், இரண்டு ஃப்ளாஸ்க், மூன்று நாள் குடிநீர், கணப்பின் தட்டையான தலையில் வைக்கக்கூடிய ஒரு கனத்த பாத்திரம். அதில் கஞ்சி நன்றாக வேகும்.

எண்ணெய் பாய்லரும் மின்சாரம் இல்லாமல் ஓடாது என்பதைப் பலர் அன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். வீட்டுத் தொலைபேசி இணையம் வழியாக வருவதானால் அதுவும் ஓயும். சொந்த ஊற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் புற ஊதா விளக்கும் அணைந்துவிடும். மின்சாரம் திரும்பும் வரை கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். மின்தடையைத் தெரிவிக்க 105-ஐ அழையுங்கள். முதியவரோ கைக்குழந்தையோ உடன் இருந்தால், முன்னுரிமைப் பட்டியலில் பெயரைச் சேர்க்கும்படி மின்விநியோக நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். முகாம் அடுப்பையும் பார்பிக்யூவையும் ஒருபோதும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

9. சாலையும் சரக்கும்

காக்பிரிட்ஜிலிருந்து டோமின்டூலுக்குப் போகும் மலைச்சாலை, பனி விழுந்தால் முதலில் மூடப்படும் சாலைகளில் ஒன்று என்று பேர்பெற்றது. பனிக்காக இரும்புக் கதவு போட்டு மூடும் சாலைகள் இவை. கதவு மூடியிருந்தால் சுற்றிப் போக முயலாமல் திரும்பிவிடுங்கள். காரில் மண்வெட்டி, போர்வை, தண்ணீர், ஃப்ளாஸ்க் எப்போதும் இருக்கட்டும். பனியில் சிக்கிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டால், புகைக்குழாயைப் பனி மூடாமல் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் நிறுவனங்கள் வழக்கமாக 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவருவதில்லை. தொட்டி கால்பாகத்துக்கு வரும் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்காட்லாந்தில் ஜனவரி 1, 2 இரண்டுமே விடுமுறை என்பதால் கிறிஸ்துமஸுக்கு முன்பே கணக்குப் போட வேண்டும்.

10. கல்லறைகளும் அக்கம்பக்கமும்

வீடு உங்கள் வாடகையில் இருந்தாலும் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டம் பல இடங்களில் உள்ளூராட்சியின் பொறுப்பில் இருக்கிறது. மக்கள் வந்துபோக உரிமை உண்டு. டிசம்பரில் மலர்வளையத்தோடு வருபவர்களை உங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் பாட்டை நிறுத்துங்கள், வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் திருமணம் செய்துகொண்ட இடம், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் உங்கள் வரவேற்பறையாக இருக்கிறது. ஒரு முதியவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தோம். அவர் சோபாவைச் சுற்றி நடந்து, "எங்கள் குடும்ப இருக்கை இங்கே இருந்தது" என்று ஓர் இடத்தைக் காட்டினார். மாமியாருக்கு ஆங்கிலம் வராது. எழுந்துபோய் அந்த இடத்தில் அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார்.

மணிக்கயிறு இன்னும் தொங்கினால் உரிமையாளரைக் கேட்காமல் இழுக்காதீர்கள். கூரையடியில் வவ்வால்கள் உறக்கத்தில் இருக்கலாம். சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது, குளிர்காலத்தில் கலைத்தால் அவை உயிர் பிழைப்பதே கடினம். மேலே போக வேண்டாம்.

டிசம்பர் 31-க்குள் ஒரு துண்டு நிலக்கரி வாங்கிவையுங்கள். இந்த ஊரில் நள்ளிரவு தாண்டி வீட்டுக்குள் முதல் காலடி வைப்பவர் அந்த ஆண்டின் அதிர்ஷ்டத்தைக் கொண்டுவருகிறார் என்பது நம்பிக்கை. அவர் உயரமான, கருமுடியுள்ள ஆணாக இருந்தால் மிக விசேஷம். வெறுங்கையோடு வரக் கூடாது. டிசம்பர் 30 அன்று தெருவின் மூன்று வீடுகளிலிருந்து என் கணவருக்கு அழைப்பு வந்தது. நிலக்கரியும், மாமியார் செய்த ரவா லட்டும் எடுத்துக்கொண்டு பனியில் நடந்தார். திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் யாரோ ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கதவைத் திறந்த மாமியார் அவரை உள்ளே விடவில்லை. "உன் தலையும் கருப்புதான், வலது காலை எடுத்து வைத்து வா" என்றார்.